அன்னக் காரும் மண்ணெண்ணெய்க் காரும்

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் அந்த மொறிஸ் மைனரைக் கண்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிளிப்பச்சை நிறம். முன்மூடியில் சிறகு விரித்த கழுகு ஸ்டிக்கர். உடம்புக்குப் பொருந்தாத அகல ரயர்கள். பின்னால் பந்தயக் கார்களுக்குப் பூட்டுகிற செட்டை. கரையில் வலை உதறிக்கொண்டு நின்றவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எஞ்சின் சூடேறியதால் உரிமையாளர் நிறுத்தி மூடியைத் திறந்தார். கபரேற்றருக்குப் பக்கத்தில் ஈயம் வைத்து ஒட்டிய சின்னப் பித்தளைத் திருகுகுழாய் ஒன்று தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் வாங்கியபோதே அது இருந்ததாம். இப்போது அதற்கு வேலை இல்லை, ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை என்றார்.

பழைய கார்களை விருப்பப்படி மாற்றுவது நல்ல ரசனையா, கெட்ட ரசனையா என்ற பேச்சில் இந்தத் திருகுகுழாய்க்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

கல்கத்தாவின் அன்னம்

உலகத்தில் ‘கெட்ட ரசனை’ என்று பெயரெடுத்த கார்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே ஓடியது. 1910இல் கல்கத்தாவில் வாழ்ந்த றொபேட் நிக்கல் மத்தியூசன் என்ற ஸ்கொட்லாந்துச் செல்வர், இங்கிலாந்தின் லோவஸ்ரொவ்ற் நகரிலிருந்த புறூக் நிறுவனத்திடம் சொல்லிச் செய்வித்த அன்னக் கார் அது. முன்பக்கம் முழுக்க அன்னத்தின் கழுத்தும் தலையும். கண்களில் மின்விளக்கு. அலகிலிருந்து நீராவி பீறிடும், எதிரே நிற்கும் சனம் விலக வேண்டும். எச்சம் போடுவதுபோல் பின்னால் சுண்ணாம்புக் கரைசல் கொட்டவும் ஏற்பாடு இருந்தது. தெருவில் குழப்பம் உண்டாகி, பொலிஸார் அதை ஓட்டத் தடை விதித்ததாகச் சொல்வார்கள். பின்னர் அது நாபா மகாராஜாவிடம் போனது. இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள லூமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அந்தக் காரின் கோளாறு உருவத்தில் மட்டும் இல்லை. நடந்து போகிறவன்மேல் ஆவி அடித்து வழி விலக்கலாம் என்ற நினைப்பில்தான் பெரிய கோளாறு இருக்கிறது.

எல்லாரும் அழகு என்று ஒத்துக்கொள்ளும் கார்களுக்கும் இப்படிப் பழைய கதைகள் உண்டு. 1948இல் வந்த மொறிஸ் மைனரைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் தலைவரான நஃபீல்ட் பிரபுவே ‘அவித்த முட்டை’ என்று பழித்ததாகச் சொல்லப்படுகிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்த முட்டைதான் பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார். அதைக் கொண்டாட 1961இல் ஏறக்குறைய 350 கார்களுக்கு இளம் ஊதா நிறம் பூசினார்கள். கிளிப்பச்சையைப் பார்த்துச் சிரித்த நான், இதை நினைத்துக் கொஞ்சம் அடங்கினேன்.

திருகுகுழாய் செய்த வேலை

1990 ஜூனில் போர் மறுபடி மூண்ட பிறகு வடக்குக்கு எரிபொருள் போவது தடைப்பட்டது. ஜாம் போத்தலில் திரி வைத்த விளக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலியும் அந்தக் காலத்து ஆட்களுக்கு மறக்காது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும் அப்போதுதான். ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகியவை நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் பிரேதத்தையும் ஏற்றின.

பெற்றோல் கடுங்குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். அதனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. சிறு போத்தலில் வைத்த கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினைப் பிடிக்க வைத்து, சூடேறியதும் குழாயைத் திருகி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றினால் அடுத்த முறை பிடிப்பது சுகம்.

இதற்குப் பழைய கார்களே வாய்ப்பானவை. அவற்றின் அமுக்க விகிதம் 7, 8 என்ற அளவில் தாழ்வு. மண்ணெண்ணெய் எளிதில் ‘நொக்’ அடிக்கும், தாழ்ந்த அமுக்கத்தில் அது குறையும். உள்ளே இழுக்கும் குழாயும் புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருந்ததால், புகையின் சூடு எரிபொருளை ஆவியாக்கவும் உதவியது. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், உறுப்புகள் தேயும். புகையும் மணமும் காருக்குள் இருந்தவர் உடுப்பில் ஒட்டிக்கொள்ளும்.

கொழும்பிலோ லண்டனிலோ ஒரு பழைய கார் ரசிகர் பார்த்தால் இது அவலட்சணமான ஒட்டுவேலைதான். ஆனால் அந்த ஒட்டுவேலையால் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இலக்கத்தகட்டில் ஓர் எழுத்து

பழைய காரில் இன்னொரு அலங்காரமும் உண்டு, அதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. 1957 முதல் புதிய வாகனங்களின் இலக்கத்தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமானது. தமிழர் அதை எதிர்த்தனர். 1958இல் அந்த எழுத்துடன் அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. தகடுகளில் தமிழ் எழுத்தை எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். அவ்வருட ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதற்கு முந்திய ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துத் தகடுடன் ஓடும் ஒரு கார், அந்தச் சண்டைக்கு முன்பு பதியப்பட்டது என்பதைத் தகட்டிலேயே சொல்லிவிடும்.

துலக்குமுன் ஒரு படம்

இப்போது வெளிநாட்டுக் காசில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஆசை பெருகியிருக்கிறது. ‘கொம்பனியிலிருந்து வந்தபடியே’ ஆக்குவதைத்தான் நல்ல ரசனை என்கிறார்கள். அப்படித் துலக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்தத் திருகுகுழாயும், துண்டுத் தகரமும், சன்னம் துளைத்த இடத்தை அடைத்த பூச்சும்தான். காரின் வயதில் போர்க்கால வருடங்கள் அதோடு இல்லாமல் போகின்றன.

புதுப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கராஜில் விடுமுன் முன்மூடிக்குள்ளும் கதவின் உட்புறத்திலும் படம் எடுங்கள். பழைய பதிவுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். கழற்றும் உறுப்பில் ஒரு துண்டு கட்டி, யார் பூட்டியது, எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். அதைச் செய்த மெக்கானிக்மாருக்கு இப்போது வயது போய்விட்டது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

கிளிப்பச்சைக் கார் வாகரைப் பக்கமாகப் போனது. போகுமுன் அவரிடம் அனுமதி கேட்டு இரண்டு படம் எடுத்தேன். கழுகு ஸ்டிக்கர் இரண்டிலும் இல்லை. திருகுகுழாய் இரண்டிலும் இருக்கிறது.