தளைநாரா, மெஷினா?

எங்க தோப்புல பழைய தென்னைகளைப் பார்த்தீங்கன்னா, தூர்ல இருந்து உச்சிவரை படி மாதிரி கொத்து இருக்கும். தாத்தா காலத்துல ஏறுறதுக்கு வெட்டினது. தென்னையில் வெட்டுக்காயம் மூடாது. அது வழியா சிவப்புக் கூன்வண்டு உள்ளே போயிடும்.

பனையேறிகள் மரத்தைக் காயப்படுத்தவில்லை. காலில் தளைநார், நெஞ்சில் தோல், இடுப்பில் அரிவாள்பெட்டி, அவ்வளவுதான். பதநீர்க் காலத்தில் தினமும் பல மரங்கள், அதுவும் காலையும் மாலையும் ஏறணும். லேசான கருவிதான் அதுக்குத் தோது. ஆனா கை நழுவினா தாங்க ஒண்ணும் இல்லை. எங்க ஊர் அண்ணாச்சி ஒருத்தர் அப்படித்தான் விழுந்தார். அவர் மகன் இன்னிக்கு வரை மரத்தைத் தொடலை.

அப்புறம் கேரளத்து செம்பேரி ஜோசப்பின் மிதி மெஷின் வந்தது. 2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியைத் தொடங்கி, பெண்களையும் மெஷினில் ஏற வைத்தது. கம்பிவடம் மரத்தைக் கவ்வும், நின்னுக்கிட்டே ஏறலாம். ஆனா ஒவ்வொரு மரத்துக்கும் கழற்றி மாட்டணும்.

தேங்காய்க்கு ஒண்ணரை மாசத்துக்கு ஒருதடவை ஏறினா போதும். அதனால நான் மெஷின் வாங்கினேன், கூடவே இடுப்புக் கயிறும். பதநீருக்கு இன்னும் தளைநார்தான். நீங்க குடிக்கிற ஒரு டம்ளருக்குப் பின்னால ஒரு உயிர் தொங்குது. பேரம் பேசும்போது அதை நினைச்சுக்கோங்க.