வேரும் விஞ்ஞானமும் – 14: உறையில் வந்த 25 இலைகள்

1921 மே மாதம் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். ஃப்ரெடரிக் பான்டிங் என்ற இளம் மருத்துவர் நாய்களின் கணையத்தை வைத்து ஏதோ ஆராய்ச்சி தொடங்கப்போகிறார். கோடை விடுமுறையின் முதல் பாதியில் அவருக்கு யார் ஒத்தாசை செய்வது என்பதுதான் கேள்வி. சார்லஸ் பெஸ்ட் ஜெயித்தார், கிளார்க் நோபிள் தோற்றார். பாதிக் கோடையில் ஆள் மாறிக்கொள்ளலாம் என்று பேச்சு. அதற்குள் வேலை சூடுபிடித்துவிட்டதால் பெஸ்டே தொடர்ந்தார். அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் இன்சுலின். பான்டிங், பெஸ்ட் என்று இரண்டு பேர் பாடப்புத்தகத்தில் ஏறினார்கள். நோபிளும் பின்னால் இன்சுலின் வேலையில் சேர்ந்தார் என்றாலும், அவர் பெயர் அடிக்குறிப்போடு நின்றுவிட்டது.

முப்பது வருடம் கழித்து, 1952இல், அதே கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். அனுப்பியவர் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருவர். இன்சுலின் தட்டுப்பாடு வரும்போது இங்கே சர்க்கரை நோயாளிகள் இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்பது அவர் சொன்ன சேதி. சர்க்கரை நோய்க்கு வாயால் குடிக்கும் மருந்து என்றால் யாருக்குத்தான் ஆவல் பிறக்காது? கிளார்க் உறையைத் தன் தம்பிக்கு அனுப்பிவைத்தார். தம்பி ராபர்ட் நோபிள் ஒன்டாரியோவின் லண்டன் நகரில், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அதன் பெயர் காலிப் மருத்துவ ஆராய்ச்சிக்கூடம். கணையச் சாற்றைச் சுத்திகரித்து, மனிதருக்கு ஊசி போடும் பக்குவத்துக்குக் கொண்டுவந்த ஜேம்ஸ் காலிப்பின் பெயர்தான் அது. இன்சுலின் கதையின் பாத்திரங்கள் இப்படி ஒரு பச்சிலையைச் சுற்றி மறுபடியும் கூடினார்கள்.

அந்த இலை நமக்கு அன்னியமானது அல்ல. நித்தியகல்யாணி. வருடம் முழுக்கப் பூக்கும். வெள்ளை, ரோஸ் இரண்டும் உண்டு. சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கு ஒரு பெயர் இருப்பதால் சில வீடுகளில் வாசலில் வைக்கமாட்டார்கள். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. 18ஆம் நூற்றாண்டில் விதை பாரிஸ் அரசுத் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து லண்டன் செல்சீ மூலிகைத் தோட்டத்துக்கு வந்தது. 1759இல் லின்னேயஸ் அதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். இன்றைய தாவரவியல் பெயர் கதராந்தஸ் ரோசியஸ். அழகுச் செடியாக வெப்பநாடுகள் எங்கும் பரவி, போன இடமெல்லாம் களையாக வேர்விட்டது. வரகரிசியையும் வேம்பையும் போல இது நம் மண்ணின் பழைய சொத்து என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். இல்லை, நம்மூருக்கு இது வந்தேறி.

போன இடங்களில் எல்லாம் அதற்கு ஒரே மாதிரியான பேர் கிடைத்தது: சர்க்கரைக்கு நல்லது. ஜமைக்காவில் அப்படி, பிலிப்பைன்ஸில் அப்படி, தென்னாப்பிரிக்காவிலும் அப்படி. இத்தனை ஊர்கள் ஒரே வாக்காகச் சொன்னால் ஏதோ இருக்க வேண்டும் என்றுதான் எந்த ஆராய்ச்சியாளரும் நினைப்பார்.

ராபர்ட் நோபிள் எலிகளுக்கு இலைச் சாற்றைப் புகட்டினார். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஒருவேளை குடலில் அழிந்துபோகிறதோ என்று, சாற்றை நேராக ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை. எலிகள்தான் ஒரு வாரத்துக்குள் செத்து விழுந்தன.

பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ‘பலன் இல்லை, நச்சுத்தன்மை உண்டு’ என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். ராபர்ட் நோபிள் செத்த எலிகளை அறுத்துப் பார்த்தார். உடம்பெங்கும் சீழ்க்கட்டிகள். கிருமி சூடோமோனாஸ், ஆரோக்கியமான எலியை அது சாதாரணமாக வீழ்த்தாது. அப்படியானால் எலியின் காவலுக்கு என்ன ஆனது? ரத்தத்தைச் சோதித்தபோது வெள்ளணுக்கள் சரிந்து கிடந்தன. அவை உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையும் ஒடுங்கிப்போயிருந்தது. வெள்ளணுக்களைக் குறிவைத்து அடிக்கும் ஏதோ ஒன்று இந்த இலையில் இருக்கிறது.

வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற நோய்க்குப் பெயர் ரத்தப் புற்று. சர்க்கரையைத் தேடிப்போன ஆராய்ச்சி அந்த இடத்தில் திசை திரும்பியது.

இலையில் இருந்த பொருளைத் தனியே பிரிப்பது சாமானிய வேலை அல்ல. இந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருப்பது பின்னால் தெரியவந்தது. இங்கிலாந்துக்காரரான சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் 1954இல் நோபிளோடு சேர்ந்து, ஒவ்வொரு கூறாகப் பிரிப்பதும் எலியின் வெள்ளணுக்களை எண்ணிப் பார்ப்பதுமாக வருடங்களைச் செலவிட்டார். கடைசியில் படிகமாகக் கையில் விழுந்தது வின்பிளாஸ்டின். 1958இல் நோபிள், பீர், கட்ஸ் மூவரும் நியூயார்க் அறிவியல் கழகத்தின் ஏட்டில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, புற்று மருந்து ஆராய்ச்சியில் தற்செயலாகக் கண்ணில் படுபவற்றின் பங்கைப் பற்றியதுதான். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். எல்லாம் முன்பே திட்டமிட்டது போல எழுதியிருக்கலாம், அவர்கள் எழுதவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவின் இண்டியானபோலிஸில், எலி லில்லி கம்பெனியின் கோர்டன் ஸ்வபோடாவும் இதே செடியைக் கையில் எடுத்திருந்தார். அவரை இழுத்ததும் சர்க்கரைப் பேச்சுதான். அங்கும் சர்க்கரைச் சோதனையில் ஒன்றும் தேறவில்லை. ஆனால் அந்தக் கம்பெனி மூலிகைச் சாறுகளைப் புற்று வந்த எலிகளிலும் சோதித்துக்கொண்டிருந்தது. ரத்தப் புற்றுள்ள எலிகள் நித்தியகல்யாணிச் சாறு கொடுத்ததும் கூடுதல் நாட்கள் பிழைத்தன. ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு கூட்டத்தார் ஒரே தவறான விலாசத்தைக் கேட்டுப் போய், ஒரே சரியான வீட்டில் நின்றார்கள். ஸ்வபோடாவின் குழு அதே இலையிலிருந்து இரண்டாவதாக ஒரு பொருளையும் பிரித்தது. அது வின்கிரிஸ்டின்.

இவை உடம்பில் செய்வது என்ன? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்களைப் பாதிப் பாதியாக இரு பக்கமும் இழுக்க நுண்குழாய்கள் என்னும் இழைகள் வேண்டும். டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் அந்த இழை உருவாகிறது. நித்தியகல்யாணி மருந்துகள் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு, கோத்துக்கொள்ள விடாமல் செய்கின்றன. வடம் இல்லாத தேர் மாதிரி செல் பாதிப் பிரிவில் நின்று, பிறகு மடிந்துபோகிறது. வேகமாகப் பிரியும் செல்களுக்குத்தான் அடி பலமாக விழும். புற்றுச் செல்கள் அப்படிப்பட்டவை. மஜ்ஜையும் அப்படிப்பட்டதுதான், ஒன்டாரியோ எலிகள் செத்த காரணம் அதுவே.

இரண்டு மருந்துக்கும் வேதி அமைப்பில் வித்தியாசம் அற்பம். ஒரு நைட்ரஜன் அணுவின் மேல் ஒன்றில் மெதில் தொகுதி, மற்றதில் ஃபார்மைல் தொகுதி, அவ்வளவுதான். ஆனால் வின்பிளாஸ்டின் முக்கியமாக மஜ்ஜையைத் தாக்கும்; வின்கிரிஸ்டின் மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாமல் நரம்புகளைத் தாக்கும். விரல் மரத்துப்போகும், குடல் மந்தமாகும். மஜ்ஜையை விட்டுவைக்கும் மருந்து என்பதால், மஜ்ஜையைத் தாக்கும் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க வின்கிரிஸ்டின் தோதானது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரையும் எமில் ஃப்ரைரைக்கும் அதைத்தான் செய்தார்கள். வின்கிரிஸ்டினோடு மெதோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் என நான்கையும் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழந்தைக்கு நான்கு விஷமா என்று சக மருத்துவர்களே சண்டைக்கு வந்தார்கள். (அந்த நான்கில் மெதோட்ரெக்சேட், நம் ஆந்திரத்து எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் நடந்த ஃபோலிக் அமில ஆராய்ச்சியின் வாரிசு. சுப்பாராவுக்குத் தனியே ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.) 1963இல் வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்று என்றால் அனேகமாகச் சாவுதான். இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இந்தப் பெருமை முழுவதையும் ஒரு செடிக்குக் கொடுப்பது தப்பு. பல மருந்துகள் சேர்ந்து சாதித்தது. ஆனால் அறுபது வருடம் கழித்தும் அந்தச் சிகிச்சையிலிருந்து வின்கிரிஸ்டினை எடுக்க முடியவில்லை.

சிக்கல் அளவில்தான். 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் என்றால் சுமார் 2,000 கிலோ. ஒரு வேளைக்கு அதிகபட்சம் 2 மில்லிகிராம்தான் போடுகிறார்கள் என்பதால் பிழைப்பு ஓடுகிறது. செடி ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறது? வின்பிளாஸ்டின் என்பது கதராந்தின், வின்டோலின் என்ற இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிப் பிறப்பது. செடி கதராந்தினை இலையின் மேல்தோல் மெழுகுக்குத் தள்ளிவிடுகிறது. வின்டோலினை உள்ளே செல்களில் பூட்டி வைக்கிறது. இரண்டும் சந்திப்பதே அபூர்வம். தன் செல் பிரிவையே நிறுத்தக்கூடிய பொருளைச் செடி இப்படிப் பிரித்து வைப்பதில் நியாயம் இருக்கிறதுதான்.

அத்தனை இலை எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பங்கு நம் தென்மாவட்டங்களிலிருந்து. ராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் இது மானாவாரிப் பயிர். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது. ஓரிரு முறை இலை பறித்துவிட்டு, கடைசியில் செடியைப் பிடுங்கி வேரையும் விற்பார்கள். வேரில் அஜ்மலிசின் என்று வேறொரு சரக்கு; ரத்த ஓட்டக் கோளாறுக்கான மருந்துகளுக்குப் போகிறது. லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் நிர்மல், தவல் என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. மடகாஸ்கருக்கு இதில் பெரிதாக ஒன்றும் போய்ச் சேரவில்லை. அந்த நியாயத் தகராறு, பல்லுயிர் வளம் பற்றிய பன்னாட்டு விவாதங்களில் இன்றும் முதல் உதாரணமாக எழுகிறது. ஆனால் இலை வந்தது ஜமைக்காவிலிருந்து, சேதி ஜமைக்காவின் வீட்டு வைத்தியத்திலிருந்து. யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது அவ்வளவு லேசல்ல.

சரி, சர்க்கரைக்கு என்ன ஆயிற்று? பிற்காலத்தில் வேறு வகைச் சாறுகள் ஆய்வுக்கூட விலங்குகளில் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கியதாக ஆய்வுகள் வந்தன. மருந்து என்று எதுவும் தேறவில்லை. இருந்தாலும், ஐந்து நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்கவைத்துக் காலையில் குடித்தால் சர்க்கரை பறந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வாராவாரம் யாராவது அனுப்புகிறார்கள். கூடவே, ‘இதிலிருந்துதான் வெள்ளைக்காரன் புற்றுநோய் மருந்து எடுத்தான்’ என்று சான்றும் கொடுக்கிறார்கள். அந்தச் சான்று சொல்வது நேர் எதிரானதை. நோபிளின் எலிகளுக்குச் சாற்றைப் புகட்டியபோது தீங்கு தென்படவில்லை என்பது உண்மை. மாதக்கணக்கில் குடிக்கும் மனிதருக்கு அது உத்தரவாதம் ஆகாது. சுத்தமான வின்கிரிஸ்டினையே மருத்துவமனையில் பயந்து பயந்துதான் கையாளுகிறார்கள். ரத்தக் குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டும். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் போட்டால் உயிர் தப்புவது அபூர்வம்.

சென்ற வாரம் பார்த்த சின்கோனா பட்டை வேறு மாதிரி. ஊர் சொன்னது காய்ச்சல். ஆய்வுக்கூடம் கண்டதும் காய்ச்சல் மருந்து. அந்த மாதிரிக் கதைகளையே கேட்டுப் பழகியதால், மூலிகை ஆராய்ச்சி என்றால் பாட்டி சொன்னதற்கு முத்திரை குத்தும் வேலை என்று நினைத்துவிடுகிறோம். நித்தியகல்யாணி விஷயத்தில் வீட்டு வைத்தியம் இல்லாவிட்டால் அந்த உறையே வந்திருக்காது. அதை அப்படியே நம்பியிருந்தால் மருந்தும் வந்திருக்காது.

2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று விலகிக்கொண்டது. மற்றதால் ஈடுகொடுக்க முடியாமல் குழந்தைகள் மருத்துவமனைகளில் தட்டுப்பாடு வந்தது. 2022இல் டென்மார்க், அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து ஈஸ்டின் மரபணுக்களைத் திருத்தி, கதராந்தினையும் வின்டோலினையும் அதையே செய்யவைத்தார்கள். செடி செய்யும் முப்பது சொச்சம் படிகளை அந்த நுண்ணுயிருக்குள் ஏற்றியிருக்கிறார்கள். பிறகு இரண்டையும் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் வேதிமுறைப்படி ஒட்டி வின்பிளாஸ்டின் ஆக்கினார்கள். லிட்டருக்குக் கிடைப்பது இப்போதைக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். அதனால் வியாபாரி இன்னும் இலை மூட்டைக்குத்தான் விலை பேசுகிறார்.

அடுத்த வாரம்: சர்ப்பகந்தா.