கல்வாழையும் வாழையும்

கல்வாழையும் வாழையும் இஞ்சி வரிசையைச் சேர்ந்த, ஆனால் வெவ்வேறு குடும்பங்களில் அடங்கும் தாவரங்கள் ஆகும். கல்வாழை பூவுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் பல்லாண்டுச் செடி. வாழை பழத்துக்காக வளர்க்கப்படும் பயிர். தமிழ்நாட்டில் பயிராகும் வாழைகளில் பெரும்பாலானவை இரு காட்டினங்களின் கலப்பினால் தோன்றியவை. இரண்டுக்கும் அகன்ற இலைகளும் நிலத்தடிக் கிழங்கும் உண்டு. இரண்டுமே பொதுவாகக் கிழங்கு அல்லது கன்று மூலம் பெருக்கப்படுகின்றன. எனவே ஒரு வகையைச் சேர்ந்த செடிகள் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் படிகளாக உள்ளன. எனினும் கல்வாழைகள் பலவற்றை விதையிலிருந்தும் வளர்க்க முடியும். உண்ணும் வாழைக்கு அவ்வழி ஏறக்குறைய இல்லை. நோய்கள் பரவும்போது இவ்வேறுபாடு பெரும் விளைவுகளை உண்டாக்குகிறது.

பெயர்

வாழையை ஒத்த இலையையும் கல் போன்று கடினமான விதையையும் உடைய செடிக்குக் கல்வாழை என்னும் பெயர் பொருந்தி வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் வளரும் என்செட்டே சூப்பர்பம் என்னும் தாவரமும் கல்வாழை எனப்படுவதுண்டு. அது வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு தாவரம். பக்கக்கன்று விடாமல் விதையால் மட்டுமே பெருகுவது. இக்கட்டுரையில் கல்வாழை என்பது தோட்டச் செடியான கன்னாவையே குறிக்கும்.

வகைப்பாடும் தாயகமும்

கன்னா என்பது கன்னேசியே குடும்பத்தின் ஒரே பேரினம். இதில் ஏறத்தாழ 10 இனங்கள் உள்ளன. அறிவியற் பெயரான கன்னா இண்டிகா இந்தியாவைச் சுட்டினாலும், இதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டல, துணை வெப்பமண்டலப் பகுதிகளாகும்.

வாழை மியூசேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா ஆகிய இரு காட்டினங்களிலிருந்து வந்தவை. இவற்றின் தாயகம் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவும் நியூகினியாப் பகுதியும் ஆகும். பப்புவா நியூகினியின் குக் சதுப்புநிலத்தில் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குத் தொல்லியல் சான்றுகள் கிடைத்துள்ளன.

உடலமைப்பு

வாழை பேச்சு வழக்கில் மரம் எனப்பட்டாலும் தாவரவியலில் அது மாபெரும் பூண்டுத் தாவரமே. தண்டு போலத் தோன்றுவது ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றிய இலையுறைகளால் ஆனது. இது பொய்த்தண்டு எனப்படும். உண்மையான தண்டு நிலத்தடியில் உள்ள கிழங்கு ஆகும். பூக்கும் காலத்தில் கிழங்கிலிருந்து எழும் பூந்தண்டு பொய்த்தண்டின் நடுவே வளர்ந்து உச்சியில் குலையாக வெளிவருகிறது. உள்ளே இருக்கும் இப்பகுதியே சமையலுக்குப் பயன்படும் வாழைத்தண்டு.

கல்வாழையில் இலையுறைகள் சூழ்ந்த உண்மைத் தண்டு நிலத்துக்கு மேலும் வளர்கிறது. இதன் பூவில் கண்ணைக் கவரும் அகன்ற பகுதிகள் இதழ்கள் அல்ல. அவை உருமாறிய மலட்டு மகரந்தத் தாள்கள். உண்மையான இதழ்கள் சிறியவை. மகரந்தத்தை உண்டாக்குவது ஒரு தாளின் பாதிப் பகுதி மட்டுமே.

இரண்டிலும் ஒரு தண்டு ஒருமுறையே பூக்கும். வாழையில் குலை முற்றியதும் அத்தண்டு மடிந்துவிடுகிறது. கிழங்கிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று அதன் இடத்தைப் பிடிக்கிறது. வழிவழியாகத் தழைப்பதைக் குறிக்கும் 'வாழையடி வாழை' என்னும் வழக்கு இதிலிருந்தே வந்தது. கல்வாழைத் தூறும் இவ்வாறே புதுத் தண்டுகளை விட்டுப் பல்லாண்டு வாழ்கிறது.

விதை

கல்வாழையின் காய் முள் போன்ற மேடுகளை உடையது. அதனுள் கருமையான, மிகக் கடினமான விதைகள் உள்ளன. இவை பாசிமணிகளாகவும், ரியூனியன் தீவின் கயாம்பு முதலிய இசைக்கருவிகளில் ஒலியெழுப்பும் மணிகளாகவும் பயன்படுகின்றன. மேலுறையைத் தேய்த்தாலன்றி நீர் எளிதில் உட்புகாது. அர்ச்சென்டினாவில் பழங்காலக் கல்லறை ஒன்றில், கொட்டை ஓட்டினால் செய்த கிலுகிலுப்பைக்குள் கிடைத்த கல்வாழை விதை முளைத்தது. அதன் அகவை ஏறத்தாழ 600 ஆண்டுகள் என்று கரிமக் காலக்கணிப்பின் அடிப்படையில் 1971இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான கட்டுரை தெரிவித்தது.

காட்டு வாழையின் பழத்திலும் கடினமான கரிய விதைகள் நிறைந்திருக்கும். உண்ணும் வாழையிலோ சூல் கருவுறாமலேயே காய் பருக்கிறது. மேலும் பெரும்பாலான வகைகள் மும்மடியங்கள். அதாவது, அவற்றின் உயிரணுக்களில் 22 நிறப்புரிகளுக்கு மாறாக 33 நிறப்புரிகள் உள்ளன. மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய இயலாததால் வளமான சூலும் மகரந்தமும் அரிதாகவே உண்டாகின்றன. பழத்தின் நடுவே தெரியும் சிறு கரும்புள்ளிகள் வளர்ச்சியடையாத சூல்களே. கல்வாழையிலும் 27 நிறப்புரிகளையுடைய மலட்டு மும்மடிய வகைகள் உண்டு. ஆயினும் விதை தரும் இருமடிய வகைகள் பல உள்ளன.

கலப்பினங்கள்

தோட்டக் கல்வாழைகளில் பெரும்பாலானவை திட்டமிட்ட ஒட்டுச்சேர்க்கையால் உருவானவை. பிரான்சின் தியோடர் அன்னே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பணியைத் தொடங்கினார். பின்னர் லியோன் நகரைச் சேர்ந்த குரோசி பெரிய பூக்களையுடைய வகைகளை உருவாக்கினார்.

வாழையின் கலப்பு மிகப் பழமையானது; ஒரு தனி மனிதரால் செய்யப்பட்டதன்று. சிம்மண்ட்சு, செப்பர்டு ஆகியோர் 1955இல் வெளியிட்ட முறையில், அக்குமினாட்டாவின் பங்கு ஏ எனவும் பால்பிசியானாவின் பங்கு பி எனவும் குறிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அறியப்பட்ட சில வகைகள் பின்வருமாறு:

* ஏஏஏ: பச்சை வாழை, செவ்வாழை (இவை அக்குமினாட்டாவிலிருந்து மட்டும் வந்தவை)
* ஏஏபி: பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி
* ஏபிபி: மொந்தன், கற்பூரவள்ளி

நோய்கள்

தாய்ச்செடியில் உள்ள நச்சுயிரி கிழங்கு வழியாக அடுத்த செடிக்கும் செல்லும். கல்வாழை மஞ்சள் தேமல் நச்சுயிரி இவ்வாறே நாற்றங்கால் வணிகத்தின் மூலம் பரவுகிறது. பாதிக்கப்பட்ட தூற்றை அழித்துவிட்டு, நோயற்ற கிழங்கையோ விதையையோ கொண்டு மீண்டும் தொடங்கலாம். கலப்பினத்தின் விதையிலிருந்து அதே நிறப் பூ கிடைக்கும் என்பது உறுதியில்லை. ஆனால் புதிய வகைகள் கிடைக்கும்.

வாழையில் அவ்வாறு செய்வது கடினம். மண்வழிப் பரவும் பூசணத்தால் வரும் பனாமா வாடல் நோய், ஒரு காலத்தில் உலக ஏற்றுமதி வகையாயிருந்த குரோ மிசேலைப் பெருமளவு அழித்தது. 1950கள், 1960களில் அதன் இடத்தைக் கவென்டிசு வகைகள் பெற்றன. இவற்றையும் தாக்கும் 'வெப்பமண்டல இனம் 4' ஆசியாவிலிருந்து பரவி, 2019இல் கொலம்பியாவில் உறுதிசெய்யப்பட்டது. இந்தியாவில் பீகாரிலும் இது கண்டறியப்பட்டுள்ளது.

கீழ்ப்பழனி மலைகளில் காப்பித் தோட்டங்களுக்கிடையே பல்லாண்டுப் பயிராக வளர்க்கப்பட்டு வந்த விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் வெகுவாகக் குறைத்தது. இந்நோயை உண்டாக்கும் நச்சுயிரியை வாழை அசுவினி பரப்புகிறது; நோயுற்ற கன்றுகளை நடுவதாலும் இது பரவும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு மரபாகப் பயன்படுவது இப்பழமே. அப்பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நோயுற்ற மரங்களைக் கிழங்கோடு அழிப்பதும், நச்சுயிரியற்ற திசு வளர்ப்புக் கன்றுகளை நடுவதும் இதற்கான முதன்மையான வழிகளாகும். திசு வளர்ப்பு நோயற்ற கன்றைத் தருமே தவிர நோய் எதிர்ப்பைத் தராது. தோட்டத்தில் அசுவினி இருப்பின் நோய் மீண்டும் வரலாம்.

எதிர்ப்புத் திறனுள்ள புதிய வாழை வகைகளை உருவாக்க, ஓரளவு வளமுள்ள வகைகளையும் காட்டினங்களையும் கொண்டு ஒட்டுச்சேர்க்கை செய்யப்படுகிறது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்துறையில் ஈடுபட்டுள்ளது. காட்டு வாழையிலிருந்து பெற்ற மரபணு சேர்க்கப்பட்ட கவென்டிசு வகை ஒன்றுக்கு 2024இல் ஆசுத்திரேலியா ஒப்புதல் அளித்தது. எனவே உண்ணத் தகாத, விதை நிறைந்த காட்டு வாழைகளைக் காப்பது பயிர் வாழையைக் காப்பதற்கும் இன்றியமையாததாகும்.

ஒப்பீடு

| இயல்பு | கல்வாழை | வாழை |
|---|---|---|
| குடும்பம் | கன்னேசியே | மியூசேசியே |
| அடிப்படை நிறப்புரி எண் | 9 | 11 |
| நிலத்துக்கு மேலுள்ள தண்டு | உண்மைத் தண்டு | பொய்த்தண்டு |
| விதை | பல வகைகளில் உண்டு | உண்ணும் வகைகளில் மிக அரிது |
| பெருக்கம் | கிழங்கு, விதை | பக்கக்கன்று, திசு வளர்ப்பு |
| முதன்மைப் பயன் | பூ. சில வகைகளில் கிழங்கு மாவு | பழம், காய், பூ, தண்டு, இலை, நார் |

இவற்றையும் பார்க்க

* வாழை
* என்செட்டே
* திசு வளர்ப்பு
* பனாமா வாடல் நோய்