பதினான்கு அவுன்ஸ் இறாத்தல்: ஆங்கிலத் தேசியமும் கடலும்

ஆங்கிலேயரின் தேசியப் பெருமிதத்தில் நிலத்தைவிடக் கடலுக்கே இடம் அதிகம். இலண்டனின் நடுவே உயர்ந்த தூணின்மேல் நிற்பவர் ஓர் அரசர் அல்லர். கடற்படைத் தளபதி நெல்சன். 1740இல் முதன்முதலாகப் பாடப்பட்ட ‘ரூல் பிரிட்டானியா’ இன்றும் கொடியசைத்துப் பாடப்படுகிறது. கடலை ஆள்வதையும் அடிமைப்படாமையையும் ஒன்றாக முடிந்துவைத்த பாட்டு அது. அதை எழுதிய ஜேம்ஸ் தொம்சன் ஸ்கொட்லாந்துக்காரர் என்பதோ, அது அரங்கேறிய காலத்தில் துறைமுகத் தெருக்களில் கடற்படைக்கு ஆட்கள் பலவந்தமாகப் பிடிக்கப்பட்டார்கள் என்பதோ பாடுவோருக்கு உறுத்துவதில்லை.

நம்மவர் சிலரும் இப்பெருமிதத்தைக் கண்டு வியக்கின்றனர். ‘தேசம் என்றால் இப்படியல்லவா ஒன்றுபட்டு நிற்கவேண்டும்’ என்கின்றனர். அவர்களோடு விவாதிப்பதற்காகவே 1797ஆம் ஆண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பிரான்சுடனான போரின் ஐந்தாவது ஆண்டு அது. ஏப்ரல் 16ஆம் திகதி, போட்ஸ்மத் துறைமுகத்துக்கு வெளியே ஸ்பிற்ஹெட்டில் நின்ற கப்பற்படை நங்கூரம் தூக்க மறுத்தது. கப்பலுக்கு இருவராகப் பிரதிநிதிகளைத் தேர்ந்து, தளபதியின் அறையிலேயே கூடி மனு எழுதினார்கள் மாலுமிகள். அவர்கள் கேட்டவை மிகச் சாதாரணமானவை. அவர்களுடைய சம்பளம் 1658க்குப் பின் உயர்த்தப்படவில்லை. ஓர் இறாத்தலுக்கு 16 அவுன்ஸ். கப்பலிலோ 14 அவுன்சே ஓர் இறாத்தலாக நிறுத்துக் கொடுக்கப்பட்டது. மீதி இரண்டு அவுன்ஸ் கழிவு என்ற பெயரில் களஞ்சியப் பொறுப்பாளரிடம் போயிற்று. காயப்பட்டவருக்குக் குணமாகும்வரை சம்பளம் இல்லை. இவற்றைத் திருத்துங்கள் என்றார்கள். எதிரிக் கப்பல்கள் வெளிவந்தால் உடனே போருக்குப் போவோம் என்றும் வாக்களித்தார்கள். அரசு இறங்கிவந்தது. சம்பளம் உயர்ந்தது; இறாத்தல் 16 அவுன்சாயிற்று; அரச மன்னிப்பும் கிடைத்தது.

மே மாதம் தேம்ஸ் ஆற்றின் வாயிலில் உள்ள நோர் என்னுமிடத்தில் இரண்டாவது கலகம் மூண்டது. இவர்கள் இன்னும் கேட்டார்கள்: கொள்ளைப்பணத்தில் நியாயமான பங்கு, கரைக்குச் செல்ல விடுப்பு, போர்ச்சட்டங்களில் திருத்தம். தேம்ஸ் ஆற்றின் வாணிபத்தையும் மறித்தார்கள். இம்முறை அரசு விட்டுக்கொடுக்கவில்லை. உணவும் நீரும் நிறுத்தப்பட்டன; கப்பல்கள் தப்பிச்செல்லாதபடி வழிகாட்டி மிதவைகள் அகற்றப்பட்டன. படையினரைக் கலகத்துக்குத் தூண்டுவோருக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் அவசரமாக நிறைவேறியது. தொழிற்சங்கத் தலைவர் ரொம் மான் மீது 1912இல் வழக்குத் தொடுக்கவும் இதே சட்டம் பயன்பட்டது. ஜூனில் கலகம் கலைந்தது. ஏறத்தாழ 30 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

2006 வரை கிழக்கிலங்கையில் விரிவுரையாளனாக இருந்த நான் இவ்வளவையும் ஒரே வசனத்தில் முடித்தவன்: ‘கடற்படையில் எழுந்த கலகங்கள் அடக்கப்பட்டன.’ ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, அவர்கள் எப்படிக் கடற்படைக்கு வந்தார்கள் என்று கேட்டாள். பிடித்துக்கொண்டு போனார்கள் என்றேன். வகுப்பு அப்படியே உறைந்துபோயிற்று. எங்கள் ஊர்களில் பிள்ளைகள் பிடிக்கப்பட்ட ஆண்டுகள் அவை. அவளுடைய தம்பியும் அப்படிப் போனவன் என்பது எனக்குத் தெரியும். இது பரீட்சைக்கு வராது என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினேன். என் ஆசிரிய வாழ்க்கையில் நான் செய்த பெரிய கோழைத்தனம் அதுதான்.

இன்று நான் இலண்டனில் உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்கிறேன். மூன்று நிமிடம் பிந்திவந்தால் கால்மணிக் கூலி வெட்டப்படும். 14 அவுன்ஸ் இறாத்தலின் பொருள் எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை; இங்கேதான் விளங்கியது.

நோர் கலகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட றிச்சர்ட் பாக்கரும் ஒருகாலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கடனுக்காகச் சிறைப்பட்டு, அதிலிருந்து மீளக் கடற்படைக்கு வந்தவர். ஜூன் 30ஆம் திகதி சான்ட்விச் என்ற கப்பலில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மனைவி வேறு பெண்களின் துணையோடு இரவில் புதைகுழியைத் தோண்டி உடலை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். சனம் திரண்டது. இறுதியில் வைற்சப்பல் சென்மேரி தேவாலயத்தில் அடக்கம் நடந்தது.

அதே ஆண்டு ஒக்ரோபர் 11ஆம் திகதி, கம்பர்டவுன் கடற்சமரில் ஒல்லாந்தக் கப்பற்படையைப் பிரித்தானியத் தளபதி டங்கன் முறியடித்தார். அவருடைய கப்பல்களிற் பல சில மாதங்களுக்கு முன் நோர் கலகத்தில் சேர்ந்தவை. பிரான்சின் பக்கம் சாய்ந்த அந்த ஒல்லாந்திடமிருந்துதான் 1795இல் திருகோணமலையும் யாழ்ப்பாணமும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. வெற்றிக்கு நன்றிசெலுத்த டிசம்பரில் சென்போல் பேராலயத்தில் பெருவிழா எடுத்தார்கள். ஜூனில் துரோகியாகத் தெரிந்த மாலுமி டிசம்பரில் தேசத்தின் பிள்ளை ஆகிவிட்டான்! அவனுடைய கை தேசத்துக்கு வேண்டும், வாய் வேண்டாம்.

இது பழங்கதையன்று. 1982இல் போக்லன்ட் போருக்குக் கப்பல்களை இரவுபகலாகச் சித்தப்படுத்திய போட்ஸ்மத் துறைத் தொழிலாளர் பலரிடம் அப்போதே வேலைநீக்கக் கடிதங்கள் இருந்தன. கப்பல்கள் புறப்பட்டபோது கரையில் கொடிகள் அசைந்தன. கடிதங்கள் பற்றிய பேச்சு அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயிற்று.

ஆகவே ‘ஒன்றுபட்ட தேசம்’ என்று நாம் வியப்பது, வாய் மூடப்பட்டவர்களின் மௌனத்தையும் சேர்த்து எண்ணிய கணக்கு. இதனால் தேசமே பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஸ்பிற்ஹெட் மாலுமிகள் தம் நாட்டை வெறுத்தவர்கள் அல்லர். நிறை சரியாக இருக்கவேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். ஒரு தேசத்தையோ விடுதலையின் பெயரால் எழும் இயக்கத்தையோ, எதிரியோடு அது எப்படிப் பொருதியது என்பதைக் கொண்டு மட்டும் அளக்கமுடியாது. தராசைப் பார்த்துக் கேள்வி கேட்ட சொந்தப் பிள்ளையை அது என்ன செய்தது என்பதையும் பார்க்கவேண்டும். நமது வரலாற்றை எழுத முனைவோர் இந்த அளவுகோலைத் தவிர்க்கலாகாது.

சென்மேரி தேவாலயம் 1940இல் ஜேர்மன் குண்டுவீச்சில் அழிந்தது. அந்த நிலம் இப்போது ஒரு பூங்கா. 1978இல் அதன் அருகே இனவெறியர்களால் கொல்லப்பட்ட வங்காளத் தையல் தொழிலாளி அல்தாப் அலியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. வேலை முடிந்து வரும் சில காலைகளில் அங்கே சற்று இருப்பேன். அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவள் கேட்ட கேள்விக்கு இருபது ஆண்டு பிந்தி எழுதிய விடையாக இதை ஏற்றுக்கொள்ளட்டும்.