மாவும் காணியும் சேர்ந்தால்

“முக்காலே மூணு வீசம் வேலை முடிஞ்சுது” என்று கட்டட மேஸ்திரி சொன்னால், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று எடுத்துக்கொள்கிறோம். எவ்வளவு பாக்கி என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. போடலாம். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. முக்காலில் பன்னிரண்டு வீசம் அடங்கும்; அதோடு மூன்று சேர்ந்தால் பதினைந்து. பாக்கி சரியாக ஒரு வீசம். ஆகவே மேஸ்திரி 93.75 சதவீதம் முடித்துவிட்டார், 6.25 சதவீதம் நிற்கிறது. மேஸ்திரி சொல்லும் சதவீதத்தை நம்பலாமா என்பது வேறு விஷயம்.

அந்த நின்றுபோன ஒரு பங்குக்குத் தமிழில் இன்னொரு பெயரும் இருந்தது: மாகாணி. எண்சுவடி படித்த தலைமுறைக்கு இரண்டும் ஒன்றுதான். வீசம் பேச்சில் தொற்றிக்கொண்டு பிழைத்துவிட்டது. மாகாணி, திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. ஒரே அளவுக்கு ஏன் இரண்டு பெயர் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நம் முன்னோர் பின்னங்களை எப்படி மாற்றினார்கள், எப்படி ஒப்பிட்டார்கள், எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பது முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

பெயரைப் பிரித்தால் மா, காணி. மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மாவை எண்பதின் கணக்கில் வைத்தால் 4/80. அதோடு ஒரு காணி சேர 5/80. சுருக்கினால் 1/16. சதவீதத்தில் சொன்னால் ஐந்தும் ஒன்றேகாலும் சேர்ந்து ஆறேகால். தசமத்தில் 0.05 + 0.0125 = 0.0625. வீசம் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாத பெயர். மாகாணியோ தன் கணக்கைத் தானே வாய்விட்டுச் சொல்லும் பெயர்.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. நம் பின்னப் பெயர்களில் பெரும்பாலானவை பெருக்கலால் ஆனவை. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/8. முக்கால் என்றால் மூன்று கால். இருமா, மும்மா, நான்மா என்பவை முறையே 2/20, 3/20, 4/20. அரைக்காணி என்றால் காணியில் பாதி. இந்த வாய்பாட்டை அப்படியே ஓட்டினால் மாகாணி என்பது ‘காணியில் ஒரு மா’ ஆக வேண்டும். 1/80-இல் இருபதில் ஒன்று, 1/1600. அப்படி ஆகவில்லை. அரைக்கால் பெருக்கல், மாகாணி கூட்டல். இலக்கணம் தெரியாத பிள்ளை இரண்டையும் ஒரே மாதிரி பிரித்தால் நூறு மடங்கு தவறும்.

கூட்டுவதற்கென்று தமிழில் தனி உருபு இருக்கிறது: ஏ. ஒன்றே கால், இரண்டே முக்கால், ஆறேகால் என்கிறோம். ஆனால் ஒன்றே அரை என்று சொல்வதில்லை, ஒன்றரை, இரண்டரைதான். ஏன் அரைக்கு மட்டும் இந்தச் சலுகை என்று பள்ளியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தொல்காப்பியர் கவனித்திருக்கிறார். எழுத்ததிகாரத்தில், ஓர் அளவுப் பெயருக்குப் பின்னால் அதனுள் அடங்கும் சிறிய அளவு வந்து சேர்ந்தால் நடுவில் ஏ சாரியை வரும் என்று ஒரு விதி. அரை வந்தால் அந்தச் சாரியை வராது என்று இன்னொரு விதி. அரையைப் ‘பால்வரை கிளவி’ என்கிறார். பால் என்றால் பங்கு. பங்கை வரையறுக்கும் சொல். இட்லிக் கடையில் “ஒண்ணரை டம்ளர், ஒண்ணேகால் டம்ளர்” என்று மாவு கேட்கும் பெண் இரண்டு நூற்பா விதிகளையும் பிசகாமல் கடைப்பிடிக்கிறாள்.

அந்த விதிப்படி 1/20-உம் 1/80-உம் சேர்ந்தால் ‘மாவே காணி’ என்றுதான் வரவேண்டும். ஏ எங்கே போனது? பேச்சில் விழுந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. காலே அரைக்கால் என்ற 3/8, கடைத்தெருவில் காலரைக்கால் ஆனதைப் போல. புழங்கிப் புழங்கி, கூட்டல் என்ற நினைப்பே தேய்ந்து, ஒற்றைப் பெயராக இறுகிவிட்டது. அவ்வளவு புழக்கம் ஏன் என்றால், அந்த அளவு நின்ற இடம் அப்படி.

பழைய கீழ்வாய் இலக்கத்தில் (பின்னம் என்ற வடசொல்லுக்கு முன்பு புழங்கிய பெயர் இதுதான், முழு எண்கள் மேல்வாய் இலக்கம்) இரண்டு ஏணிகள் உண்டு. ஒன்று, பாதி பாதியாக இறங்குவது: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். படியில் நெல்லையும் உழக்கில் எண்ணெயையும் பங்கிடுகிறவனுக்கு இது போதும். மற்றது இருபதில் தொடங்கி நாலில் ஒன்றாக இறங்குவது: மா 1/20, அதில் கால் காணி 1/80, அதில் கால் முந்திரி 1/320. முந்திரி என்றதும் பாயசம் நினைவுக்கு வரும். பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் அந்தக் கொட்டையைக் கொண்டுவருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கல்வெட்டுகளில் முந்திரிகை என்ற இந்த எண் வெட்டப்பட்டிருக்கிறது.

முதல் ஏணியில் வெறும் இரண்டுகள். இரண்டாம் ஏணியில் ஓர் ஐந்து கலந்திருக்கிறது. இரண்டும் தனித்தனியே இறங்கினால் ஒன்றை ஒன்று தொடவே தொடாது. தொடவைக்கும் தந்திரம், எந்தப் படியோடும் அதன் காலைக் கூட்டுவது. நான்மாவோடு அதன் கால், அதாவது ஒரு மா சேர்ந்தால் ஐந்து மா, அது கால். மாவோடு அதன் கால் காணி சேர்ந்தால் மாகாணி, அது வீசம். காணியோடு அதன் கால் முந்திரி சேர்ந்தால் கால்வீசம். ஆக, 1/16-இல் நெல் அளக்கிறவனும் நிலம் அளக்கிறவனும் சந்திக்கிறார்கள். ஒருவன் அதை வீசம் என்றான், மற்றவன் மாகாணி என்றான். இரண்டு பெயருக்கும் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

நிலம் என்று சொன்னது சும்மா அல்ல. காவிரி டெல்டாவில் மா என்பது இன்றும் நிலம்தான். 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலி 2,88,000 சதுர அடி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். “மூணு மா ஒரு ஏக்கர்” என்று தஞ்சாவூர்க்காரர் சட்டென்று சொல்வார். 43,200 சதுர அடி, ஏக்கருக்கு 360 அடிதான் குறைவு. அங்கே பின்னத்தின் பெயரும் நிலத்தின் பெயரும் அளவில் ஒத்துப்போகின்றன. காணி அப்படி ஒத்துவரவில்லை. வேலியில் எண்பதில் ஒன்று 3,600 சதுர அடிதான். ஆனால் சென்னைப் பக்கத்துக் காணி 24 மனை, 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். பதினாறு மடங்கு. கணக்கின் காணி, தொண்டை நாட்டு நிலத்தின் காணியில் ஒரு மாகாணிதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இலங்கையிலோ காணி அளவே இல்லை. காணி உறுதி, காணி வழக்கு என்று நிலம் முழுவதற்கும் பொதுப்பெயர். தெலுங்கில் மாகாணி என்றால் நஞ்சை. ஒலி ஒன்று என்பதற்காக வேரும் ஒன்று என்று சொல்லத் துணியமாட்டேன்.

சரி, இத்தனை பெயர்களையும் ஒரு பிள்ளை எப்படி ஒப்பிட்டான்? மும்மா பெரிதா, மூன்று வீசம் பெரிதா என்று கேட்டால் இன்றைய மாணவர் பொதுப்பகுதி தேடுவார், அல்லது தசமத்துக்கு மாற்றி 0.15, 0.1875 என்று பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். சதவீதமும் அதே வேலையைத்தான் செய்கிறது: எல்லாவற்றையும் நூறு கூறாக்கிவிட்டால் எண்ணை மட்டும் பார்த்தால் போதும். பழைய கணக்கில் நூறுக்குப் பதில் முந்நூற்றிருபது. எல்லாவற்றுக்கும் அடியில் முந்திரி. மும்மா 48 முந்திரி, மூன்று வீசம் 60 முந்திரி, முடிந்தது. முக்கால் 240, அரை 160, கால் 80, நான்மா 64, மூன்று வீசம் 60, மும்மா 48, அரைக்கால் 40, இருமா 32, மாகாணி 20, ஒருமா 16, முக்காணி 12, அரைமா 8, காணி 4, அரைக்காணி 2, முந்திரி 1. திண்ணையில் மணலில் எழுதி மனப்பாடம் செய்த பொன்னிலக்கம் முந்திரியில் தொடங்கி மேலே ஏறுகிற வாய்பாடு. வரிசைப்படுத்துவது தனிப் பாடமே அல்ல. மனப்பாடத்திலேயே வரிசை இருந்தது.

இந்த 320-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டை ஆறு முறை பெருக்கி, ஒரு முறை ஐந்தால் பெருக்கினால் 320. இரண்டும் ஐந்தும் தவிர வேறு எந்தக் காரணியும் இல்லை. அதனால் இந்தப் பெயர்களில் எதைத் தசமத்துக்கு மாற்றினாலும் நின்றுவிடும், முந்திரி 0.003125, அதோடு சரி. திருப்பியும் மாற்றலாம். 35 சதவீதம் என்பது காலே இருமா. 45 சதவீதம் காலே நான்மா. 7 சதவீதம் கொஞ்சம் அடம்பிடிக்கும்: மாகாணியே அரைக்காணி 22 முந்திரி, இன்னும் 0.4 முந்திரி மிச்சம்.

அந்த மிச்சத்துக்குத்தான் கீழ் என்று ஒரு சொல். முந்திரிக்கும் கீழே போனால், முந்திரியையே ஒன்று என்று வைத்துக்கொண்டு அரை, கால், மா என்று பழைய பெயர்களையே மறுபடி ஓட்டலாம். முன்னால் கீழ் என்று சொன்னால் போதும், 320-ஆல் வகுத்ததாக அர்த்தம். 0.4 முந்திரி என்பது கீழ்க்காலும் கீழ்மும்மாவும். ஏழு சதவீதம் மிச்சமில்லாமல் அடங்கிவிட்டது. தசமப் புள்ளிக்கு வலது பக்கம் இடம் நகர நகரப் பத்தால் சுருங்குவதும், கீழ் சொல்லச் சொல்ல 320-ஆல் சுருங்குவதும் ஒரே யோசனையின் இரண்டு உடுப்புகள்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தக் கீழ், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரும். வேலியில் 1/52,42,88,00,000 வரை நிலம் குறித்தார்கள் என்று வரலாற்று நூல்கள் வியந்து எழுதுகின்றன. அந்தப் பெரிய எண்ணைப் பிரித்தால் பயம் போய்விடும்: 320-ஐ நான்கு முறை பெருக்கி, ஐந்தால் பெருக்கியது. நாலு கீழ் இறங்கி ஒரு நான்மா, அவ்வளவுதான். இன்றைய வேலிக் கணக்கில் அது அரைச் சதுர மில்லிமீட்டர், கடுகு உட்கார இடம் போதாது. எந்தக் கோலும் அதை அளந்திருக்க முடியாது. கூட்டிக் கழித்துப் பங்கிட்டபோது கணக்கில் வந்து நின்ற எச்சம் அது. கணக்கர் அதை உதறித் தள்ளவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

உதறவே முடியாத எச்சமும் உண்டு. மூன்றில் ஒன்று. அதற்கு இந்த ஏணிகளில் படியே இல்லை. காலே மாகாணியே காணியே அரைக்காணி என்று 106 முந்திரி வரை போகலாம். இன்னும் முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும். கீழ் போட்டு இறங்கினாலும் அதே வால் மறுபடி தொங்கும். தசமத்தில் 0.333 என்று மூன்று ஓயாமல் வருவது இதே சங்கதிதான். ஐந்தையும் இரண்டையும் மட்டும் வைத்துக் கட்டிய எந்த முறைக்கும் மூன்று அகப்படாது.

மாகாணிக்குக் கடைசிப் புகலிடம் ரூபாய். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால் ஒவ்வொரு அணாவும் ஒரு மாகாணி. முழு உண்மையைப் பதினாறணா உண்மை என்றதும், ஒன்றுக்கும் உதவாததைக் காலணா பெறாது என்றதும் அந்தக் காலத்துச் சதவீதம். காலணா என்றால் ரூபாயில் கால்வீசம், காணியும் முந்திரியும் சேர்ந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயா பைசா ஆனது. அணாவுக்கு ஆறேகால் பைசா கொடுக்க வேண்டும். ஆனால் கால் பைசா நாணயம் இல்லை. அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்றுப்பட்டியல் போட்டார்கள். ஓரணாவையும் இரண்டணாவையும் தனித்தனியே மாற்றினால் 18, சேர்த்து மாற்றினால் 19. கீழ் போட்டுக் கடைசித் துணுக்கையும் எழுதிவைத்த வம்சம், கடை வாசலில் ஒரு பைசாவுக்கு வாய்ச்சண்டை போட நேர்ந்தது இப்படித்தான். சரியாக மாறியவை நாலணாவும் எட்டணாவும் பன்னிரண்டணாவும் மட்டுமே. நாலணாக் காசு 2011 ஜூன் இறுதியில் செல்லாமல் போன பிறகும் “எட்டணா” என்ற பேச்சு ஓயவில்லை.

2019-இல் யூனிகோடு பன்னிரண்டாம் பதிப்பில் தமிழ்க் கீழ்வாய் இலக்கக் குறிகளுக்கு இடம் கிடைத்தது. முந்திரியில் தொடங்கி முக்கால் வரை சிறியதிலிருந்து பெரியதாக, பொன்னிலக்கம் ஏறும் அதே திசையில் அடுக்கியிருக்கிறார்கள். முக்காலுக்கு அடுத்து கீழ் என்ற குறிக்கும் ஓர் இடம். அந்த வரிசையில் 1/16-க்கு அடுத்தடுத்து இரண்டு வடிவங்கள் நிற்பதைப் பார்த்ததும், வீசத்துக்கு ஒன்று மாகாணிக்கு ஒன்று என்று என் கட்சிக்குச் சாட்சியாக இழுத்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. ஐந்தாறு இடம் தள்ளிப் பார்த்தால் அரைக்கும் இரண்டு வடிவம் கொடுத்திருக்கிறார்கள்.