குடும்பக் கட்டுப்பாடு: முறையைத் தேர்ந்தெடுத்தது யார்?

ஆரணி என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பட்டுப்புடவை தான். அங்கே தறி என்பது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பொருள். ஒருவர் குழியில் காலை விட்டு மிதித்து நெய்ய, இன்னொருவர் தார் சுற்றிக் கொடுக்க வேண்டும். கூலி நாள் கணக்கில் இல்லை, புடவைக் கணக்கில். தறி நின்றால் கூலியும் நின்றது!

இப்படிப்பட்ட வீட்டில் "எத்தனை பிள்ளைகள், எத்தனை வருட இடைவெளி, அதற்கு எந்த முறை?" என்ற கேள்வி வெறும் டாக்டர் கேள்வி அல்ல. யார் எத்தனை நாள் வேலையை விட்டுப் படுப்பது என்ற வரவு செலவுக் கேள்வியும் கூட.

கருத்தடைக்கு இன்று பல முறைகள் இருக்கின்றன. ஆனால் ஆரணி மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம் தான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பது தான் அது. இத்தனை முறைகள் இருக்க, பேச்சில் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது எப்படி? இதற்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருட வரலாறு இருக்கிறது.

நீதிபதியும் பெரியாரும்

1928ல் சென்னையில் "நியோ மால்தூசியன் லீக்" என்ற சங்கம் தொடங்கப்பட்டது. உயர்நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் போன்ற படித்த பெரிய மனிதர்கள் அதற்கு ஆதரவாக இருந்தார்கள். மக்கள்தொகை பெருகினால் வறுமை பெருகும், அதனால் கருத்தடை வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆனால் அன்று கிடைத்த ரப்பர் சாதனங்களும் மருந்துகளும் விலை அதிகம். சாதாரணக் குடும்பங்களுக்கு அவை எட்டாக்கனி தான்.

அதே காலத்தில் பெரியார் ஈ.வெ.ரா. "குடி அரசு" இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரம், குடும்பச் சொத்து, தாயின் உடல்நலம் என்று காரணம் சொன்னபோது, பெண்கள் சுதந்திரமாக வாழ வேண்டும் என்பதற்காகவே அது தேவை என்றார் அவர். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்ற இந்தக் கருத்து அன்றைக்கு உலக அளவிலேயே துணிச்சலானது. பின்னால் வந்த அரசுத் திட்டங்கள் எடுத்துக்கொண்டதோ லீக்கின் மக்கள்தொகை வாதத்தைத் தான், பெரியாரின் வாதத்தை அல்ல.

மணி மாலை

1935 டிசம்பரில் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். கருத்தடைச் சாதனங்களைக் காந்தி ஏற்கவில்லை. புலனடக்கம் தான் சரியான வழி என்றார். காந்தியின் சீடரான ராஜ்குமாரி அம்ரித் கௌர் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ஆனபோது, சாதனம் எதுவும் தேவைப்படாத "பாதுகாப்பான நாள்" முறையைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனத்தின் உதவி கேட்கப்பட்டது.

1952ல் தொடங்கிய அந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று டெல்லி லோதி காலனி, இன்னொன்று மைசூர் மாநிலத்தின் ராமநகரம். பட்டு நூல் தெரிந்தவர்களுக்கு ராமநகரத்தைச் சொல்லத் தேவையில்லை. பட்டுக்கூடு சந்தைக்கு இன்றும் பெயர்போன ஊர் அது. நாள் கணக்கு வைக்கப் பெண்களுக்கு நிறம் நிறமாக மணி கோத்த மாலை கொடுத்தார்கள். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். ஒரு நிறம் வந்தால் சரி, இன்னொரு நிறம் வந்தால் கூடாது.

திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் மாதவிலக்கு ஒரே கணக்கில் வருவதில்லை. மேலும் மணியைத் தள்ளுவது மனைவி என்றாலும், அன்று இரவு "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அவளிடம் இல்லையே!

முப்பது ரூபாய்

1952ல் இந்தியா அரசு அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1956ல் சென்னை மாநிலம் ஒரு புது வழியைக் கையில் எடுத்தது. கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் தரப்பட்டது. இதற்குப் பின்னால் இருந்தவர் ஆர்.ஏ. கோபாலசுவாமி ஐ.சி.எஸ். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் அவர் தான். அடுத்த சில வருடங்களில் ஆள் கூட்டி வருபவருக்கும் தொகை கொடுத்தார்கள். பணம் வந்ததும் தரகும் வந்தது, தரகு வந்ததும் முறைகேடுகளும் வந்தன.

இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த நாட்களில் சென்னை மாநிலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்! "ஆண் செய்துகொள்ள மாட்டான், அது நம் கலாச்சாரத்திலேயே இல்லை" என்று இன்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1965ல் "லூப்" வந்தது. முதலில் லட்சக்கணக்கான பெண்களுக்குப் பொருத்தினார்கள். ரத்தப்போக்கும் வலியும் வந்தபோது திரும்பிப் போய்க் காட்ட ஆட்கள் போதவில்லை. பயம் பரவியது, லூப் படுத்துவிட்டது. 1968ல் "நிரோத்" மூன்று 15 பைசாவுக்கு வந்தது. டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகளின் வழியாகப் பெட்டிக்கடை வரை போனது. இது நல்ல வியாபார யோசனை. ஆனாலும் ஒரு அதிகாரியின் கணக்குப் புத்தகத்தில் ஆபரேஷன் தான் உறுதியான எண்ணிக்கை. நிரோத் வாங்கியவர் பயன்படுத்தினாரா என்று யார் போய்ப் பார்ப்பது?

எமர்ஜென்சி

1975 முதல் 1977 வரை எமர்ஜென்சி. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அதில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. வட மாநிலங்களில் கட்டாயப்படுத்திய கொடுமைகள் ஊரறிந்தவை. 1977 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். அடுத்த 1977-78ல் ஆண்கள் ஆபரேஷன் வெறும் 1.9 லட்சத்துக்குச் சரிந்தது.

அரசியல்வாதிகள் இதில் கற்றுக்கொண்ட பாடம் "கட்டாயப்படுத்தக் கூடாது" என்பது மட்டுமல்ல. ஆண்களைத் தொட்டால் ஓட்டுப் போகும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். திட்டத்தின் பெயர் "குடும்ப நலம்" என்று மாறியது. பாரம் அப்படியே பெண்கள் பக்கம் சாய்ந்தது. அதே நேரத்தில் லேப்ராஸ்கோப்பி வந்ததால் ஒரே நாளில் பல பெண்களுக்குச் செய்ய முடிந்தது. முகாம், இலக்கு, எண்ணிக்கை என்று 1980கள் ஓடின.

தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் வேகமாகக் குறைந்தது, உண்மை தான். ஆபரேஷன் மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. பெண் கல்வி, குழந்தை இறப்பு குறைந்தது, 1982ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு, பேருந்தும் ஆஸ்பத்திரியும் கிராமம் வரை போனது என்று பல காரணங்கள். தறி வீட்டையே எடுத்துக்கொண்டால், ஒரு காலத்தில் பிள்ளை என்றால் தறிக்கு இன்னொரு கை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பிள்ளை என்றால் செலவு. கணக்கு மாறியதால் முடிவும் மாறியது.

இலக்கு போன பிறகு

1994 கெய்ரோ மாநாட்டுக்குப் பிறகு, இலக்கு வைத்து ஆபரேஷன் செய்வது தவறு என்று உலகமே பேச ஆரம்பித்தது. முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் இலக்கு இல்லாமல் நடத்திப் பார்த்து, 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் அந்த இலக்குகளைக் கைவிட்டார்கள். ஆனால் பழக்கம் போகவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அங்கு நடந்த முகாம்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று சொன்னது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் ஆபரேஷன் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் கணக்கு பாதியைத் தாண்டுகிறது.

பொருத்தமான முறை எது?

அரசு இதற்கு "கஃபேடீரியா முறை" என்று ஒரு காலத்தில் பெயர் வைத்திருந்தது. விரும்பியதை எடுத்துக்கொள்ளலாமாம். நடந்தது என்னவென்றால், போர்டில் பத்து ஐட்டம், உள்ளே போய் உட்கார்ந்தால் இட்லி மட்டும்!

ஆனால் முறைகள் ஒன்றுபோல் இல்லை. காப்பர் டி வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருடம் வேலை செய்யும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். மாதவிலக்கில் ஏற்கனவே அதிகம் ரத்தம் போகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்வது நல்லது. தினமும் போடும் கலப்பு ஹார்மோன் மாத்திரை உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றதல்ல. லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்த "சாயா" மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவர்களும் போடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. "அந்தாரா" ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் ஆகலாம். பால்வினை நோயிலிருந்தும் காப்பது ஆணுறை மட்டுமே. ஆண்களுக்கான தையல் இல்லாத ஆபரேஷனில் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். முதல் மூன்று மாதம் மட்டும் வேறு முறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

"ஆண் செய்துகொண்டால் பலம் போய்விடும், தறி மிதிக்க முடியாது" என்ற பயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. சில நாள் ஓய்வு போதும். பெண்ணின் ஆபரேஷனுக்குத் தான் அதைவிட அதிக ஓய்வு தேவை. வரவு செலவு பார்க்கும் வீடு இந்தக் கணக்கையும் பார்க்கலாமே. பெண்ணின் தார் சுற்றும் வேலைக்குத் தனிக் கூலி எழுதப்படுவதில்லை என்பதால் அவள் படுக்கும் நாட்கள் நஷ்டமாகவே தெரிவதில்லை, அவ்வளவு தான்.

நூறு வருடத்தில் நீதிபதி, அமைச்சர், ஐ.சி.எஸ். அதிகாரி, முகாம் டாக்டர் என்று பலரும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரசவ வலியில் படுத்திருக்கும்போது நீட்டப்படும் காகிதத்தில் போடும் கையெழுத்து தேர்வு ஆகாது. ஏழாம் மாதத்திலேயே கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து எல்லா முறைகளையும் சொல்லிவிட்டுக் கேட்டால் தான் அது தேர்வு. பெரியார் 1930களில் கேட்டது இதைத் தான். அது இன்னும் பாக்கி இருக்கிறது.