பரீட்சை ஹாலோடு நின்ற சலுகை

திண்டுக்கல் பேகம்பூரில் வியாழன், வெள்ளி காலைகளில் தோளில் பையும் கையில் நோட்டுமாக யாராவது வீடு வீடாக ஏறி இறங்கினால், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) பிள்ளைகள் என்று எங்கள் தெருக்காரர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். களப்பயிற்சிக்கு வரும் அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஏஜென்சி சூப்பர்வைசர். எந்தத் தோல் ஷாப்பில் மேஸ்திரி பேசவிடுவார், எந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் ஊர்க்கதை வரும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அதில் பாதி வேலை. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான பள்ளிவாசலை வைத்துப் பெயர் வாங்கிய பேட்டை இது. இந்த ஊர்த் தோல் தொழிலாளிகளின் கதையை எழுதித்தான் டி. செல்வராஜ் 2012-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

சமூகப் பணிப் படிப்பில் வகுப்பறைக்கு எவ்வளவு மதிப்போ, தெருவுக்கும் அவ்வளவு மதிப்பு. இந்தியாவில் அந்தப் படிப்பு 1936-இல் பம்பாயில் தொடங்கியது. கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார், நாக்பாடா குடியிருப்புப் பகுதியில் வேலை செய்த அனுபவத்தோடு டாடா அறக்கட்டளையின் துணையில் ஒரு பள்ளியை ஆரம்பித்தார். அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது.

எங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மரபும் இருந்தது. மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச தூரத்தில் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் அதைத் தொடங்கினார்கள்; 1956-இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிலையம் வந்தது; 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. காந்தியின் ஆதாரக் கல்விதான் அதன் வேர். கையால் செய்து கற்பது, கிராமத்தில் போய்த் தங்கிக் கற்பது. ஒரு பிள்ளை கூட்டத்தில் வாய் திறக்காவிட்டாலும் நூற்கலாம், கிணற்றடியைச் சுத்தம் செய்யலாம், பால்வாடிக் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றலாம். அதுவும் படிப்பில் சேர்த்திதான்.

பம்பாய் வழியில் வந்தது ரிப்போர்ட். மேரி ரிச்மண்ட் 1917-இல் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்' என்ற நூல், ஒரு குடும்பத்தின் நிலையைத் துருவிக் கேட்டு முறையாகப் பதிவு செய்வதைத் தொழிலாக்கியது. பிறகு அமெரிக்கப் பள்ளிகளில், மாணவர் தான் கேட்டதையும் குடும்பத்தார் சொன்னதையும் தன் மனதில் ஓடியதையும் வரி பிசகாமல் எழுதித் தரும் வழக்கம் ஊன்றியது. நம் கல்லூரிகள் அதை எடுத்துக்கொண்டன. வாரத்துக்கு இரண்டு நாள் ஃபீல்டு ஒர்க், அதற்கு ரிப்போர்ட், அதன்மேல் சூப்பர்வைசரோடு தனியாக ஒரு ஐ.சி. (தனிக் கலந்தாய்வு), எல்லோர் முன்னாலும் ஒரு ஜி.சி. (குழுக் கலந்தாய்வு), கடைசியில் வைவா. நல்ல வழக்கம்தான். ஆனால் நாளடைவில் பக்கக் கணக்கு முந்திக்கொண்டது. தெருவில் செய்த வேலை எப்படியிருந்தாலும், நோட்டு கனமாக இருந்தால் மார்க்கும் கனமாக விழும்.

அந்தக் கணக்கில் அடிபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பையன். பேச்சில் கெட்டி, பேனாவை எடுத்தால் எழுத்து இடம் மாறும். ஒரு பக்கம் எழுத அரை நாள் போகும். "மேடம், எழுதச் சொன்னா வரல. சொல்லட்டுமா?" என்றான். சொல்லச் சொன்னேன். ஒரு சார்ட் பேப்பரை விரித்து எங்கள் தெருவை வரைந்துகொண்டே சொன்னான். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர், எந்த வீட்டுப் பெண் குடம் வைக்கிறாள், எந்த வீட்டுப் பெண் வாசலுக்கே வருவதில்லை, அவளுக்குப் பதில் எந்தச் சிறுமி பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போகிறாள். ஊன் கழிக்கிற, சுண்ணாம்புக் குழியில் நிற்கிற ஆட்களின் கையில் புண் எங்கெங்கே என்று ஓரத்தில் ஒரு கையையே வரைந்திருந்தான். பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டுகளில் நான் காணாத விவரம் அது. அவன் படித்த கல்லூரியில், ரிப்போர்ட் மாதிரி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அவன் சொன்னதை போனில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு டைப் அடித்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

அவனைப் போன்றவர்களுக்குச் சட்டத்தில் பெயர் கிடைக்கவே நாளானது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது. ஆட்டிசம் அதில் இல்லை, எழுத்து இடம் மாறுகிற டிஸ்லெக்சியாவும் இல்லை. 1999-இன் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் ஆட்டிசம் ஏறியது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, இரண்டையும் சேர்த்தது. உயர்கல்வியில் குறைந்தது 5 சதவீத இடம் என்றும், தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்றும் சொன்னது. ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடு இன்றும் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை.

2018 ஆகஸ்டில் மத்திய அரசு தேர்வு விதிகளை வகுத்தது: சொல்வதை எழுத ஆள், மணிக்கு 20 நிமிடம் கூடுதல். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எழுத்தர் கேட்டார். 40 சதவீத ஊனச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று தீர்ப்பானது.

இவ்வளவும் பரீட்சை ஹாலுக்கான ஏற்பாடு. எங்கள் படிப்பில் பாதி நடப்பது ஹாலுக்கு வெளியே. பேகம்பூர் தெருவில் மணிக்கு 20 நிமிடம் கூட்டி வாங்கி என்ன செய்ய? சான்றிதழிலும் சிக்கல் இருக்கிறது. கற்றல் குறைபாட்டுக்கு அரசு ஏற்ற, நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவானது. கிராமத்துப் பள்ளியில் 'மக்கு' என்ற பட்டத்தோடு தப்பித்து எம்.ஏ. வரை வந்த பெண்ணை இருபத்திரண்டு வயதில் யார் சோதிப்பது?

சான்று இல்லாமலே செய்யக்கூடியது நிறைய உண்டு. ஆட்டிசம் உள்ள ஒரு மாணவி வந்தாள். தோல் ஷாப்பின் வாடையும் திடீர்த் திடீரென்று மாறும் திட்டமும் அவளுக்கு ஆகாது. ஊறல் குழிப் பக்கம் அனுப்பாமல், ஆவாரம்பட்டை அடுக்கிய கொட்டகையில் பெண்களோடு உட்காரவைத்தேன். முதல் நாளே ஒரு தாள்: எத்தனை மணிக்கு யார் வீடு, முதல் கேள்வி என்ன, எப்போது கிளம்புவது. வெள்ளிக்கிழமை ஜும்மா விடும்போது பள்ளிவாசல் முன்னால் ஆளும் வண்டியுமாக நெரியும். அதற்குள் அவள் பஸ் ஏறிவிடுவாள். ஜி.சி.யில் அவள் பேசவில்லை. அவள் கேட்டு எழுதிய முதியோர் பென்ஷன் மனுக்களில் ஒரு விவரம்கூட விடுபடவில்லை.

ரிப்போர்ட் எழுதத் தெரியாதவர் நாளைக்கு எப்படி வேலை பார்ப்பார் என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் அந்த வேலையிலேயே இருக்கிறது. சிறார் நீதி விதிகள், ஒரு பிள்ளையைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையைப் படிவமாகவே வகுத்திருக்கின்றன: குடும்பம், படிப்பு, உடல்நிலை, அக்கம்பக்கம் என்று தலைப்புத் தலைப்பாக. நன்னடத்தை அலுவலர் நிரப்புவது அதைத்தான். நீதிமன்றத்துக்கே படிவம் போதும் என்றால், பயிற்சிக்கு வரும் பிள்ளையிடம் மட்டும் பன்னிரண்டு பக்க உரைநடை கேட்பானேன்?

பல்கலைக்கழக மானியக் குழு 1965-இலும் 1980-இலும் இந்தப் படிப்பை முழுதாகப் பரிசீலித்து அறிக்கை தந்தது. கல்லூரிகள் ஃபீல்டு ஒர்க் கையேட்டை அவ்வப்போது திருத்தத்தான் செய்கின்றன. அடுத்த திருத்தத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும். ரிப்போர்ட்டைச் சொல்லியோ வரைந்தோ படிவத்திலோ தரலாம், ஜி.சி.க்குப் பதிலாக ஐ.சி.யை எடுத்துக்கொள்ளலாம், வேலை நடக்கும் இடத்தின் சத்தம், வாடை, நேரம் முன்கூட்டியே எழுத்தில் தரப்பட வேண்டும். கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம். உதவி நாடி வருபவர் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கு என்று முதல் செமஸ்டரில் சொல்லிக்கொடுக்கிற துறை, அதைத் தன் மாணவரிடமே முதலில் செய்து காட்டட்டும்.